முழு உணவுக்கு மாறுவது எப்படி: எது முதலில், எது பிறகு

பாக்கெட்டையும் தீட்டிய மாவையும் குறைத்துவிட்டு பயறு, முழு தானியம், காய், கீரை, பழம், கொட்டைகள் என்று சாப்பாட்டை மாற்ற நினைக்கிறவர்கள் பெரும்பாலும் சமையல் குறிப்பிலிருந்து தொடங்குகிறார்கள். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. குறிப்பில் "வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு கப்" என்று ஒரே வரியில் எழுதியிருக்கும், ஆனால் மாலை பசியோடு அடுப்படிக்குள் நுழைகிறவரிடம் இருப்பது ஊறவே வைக்காத கடலை. அன்றைக்கு அந்தக் குறிப்பு நடக்காது. இப்படி நாலு நாள் போனால் பழையபடி பாக்கெட்டைப் பிரிப்பார்கள், "நமக்கு இது சரிப்படாது" என்றும் முடிவு கட்டிவிடுவார்கள்.

சரிப்படும். வரிசையை மாற்றினால் போதும். பயறும் தானியமும் வெந்து ஃப்ரிட்ஜில் இருக்க வேண்டும், காய் கழுவித் தயாராக இருக்க வேண்டும், அதற்கு அப்புறம்தான் சமையல் குறிப்பு. கீழே இருப்பதும் அதே வரிசைதான், எதையும் தாண்டிப் போகாதீர்கள்.

1. மூன்று நாள் சாப்பிடுவதை எழுதுங்கள்

எதையும் மாற்றாமல், மூன்று நாள் வாயில் போடுவதை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். டீயோடு கடித்த பிஸ்கட்டும் அதில் வர வேண்டும். எந்த வேளையில் காயே இல்லை, எந்த நேரத்தில் பசிக்குப் பாக்கெட்டைத் தேடுகிறீர்கள் என்பது எழுதினால்தான் தெரியும். நினைவை நம்பினால் நல்ல சாப்பாடு மட்டும்தான் ஞாபகம் வரும்.

ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்குப் பயறு, கீரை, கொட்டைகளில் இருக்கும் பொட்டாசியமும் பாஸ்பரஸும் பிரச்சினையாகலாம். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் திடீரென்று கீரையைக் கூட்டினால் அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைக்கும். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் மாவுச்சத்தைக் குறைத்தால் மருந்தின் அளவையும் மாற்ற வேண்டி வரலாம். இவர்கள் முதலில் மருத்துவரிடம் பேசிவிட்டு வாருங்கள்.

2. ஒரே ஒரு வேளையைத் தேர்ந்தெடுங்கள்

எழுதிய தாளில் எந்த வேளை மோசமாக இருக்கிறதோ அதை மட்டும் இரண்டு வாரம் மாற்றுங்கள். மற்ற வேளைகள் அப்படியே இருக்கட்டும்.

மன உறுதி குறைவு என்பதற்காக இதைச் சொல்லவில்லை. காரணம் குடலில் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வெந்த கொண்டைக்கடலை 100 கிராமில் மட்டும் ஏழெட்டு கிராம் இருக்கிறது. இத்தனை நாள் தீட்டிய மாவும் வெள்ளை அரிசியும் மட்டும் சாப்பிட்ட வயிற்றுக்குள் மூன்று வேளையும் பயறு போனால், குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதை நொதிக்கவைத்து வாயுவைக் கிளப்பும். வயிறு உப்பும். உடனே "பயறு ஒத்துக்கொள்ளவில்லை" என்று விட்டுவிடுவார்கள். கால் கப்பில் ஆரம்பித்து மெதுவாகக் கூட்டினால் பெரும்பாலானவர்களுக்கு வயிறு பழகிவிடும். கூடவே தண்ணீரையும் கூட்டுங்கள், நார்ச்சத்து மட்டும் கூடித் தண்ணீர் கூடாவிட்டால் மலச்சிக்கல் வரும்.

3. வாங்குவது: பட்டியல் சின்னதாக இருக்கட்டும்

புதிதாக வருகிறவர்கள் பத்து வகை விதை, ஐந்து வகை தானியம் என்று ஒரே நாளில் வாங்கி அடுக்கிவிடுகிறார்கள். பாதி வண்டு பிடிக்கும். முதல் இரண்டு வாரத்துக்கு இவ்வளவு போதும்: ஊறவைக்க வேண்டிய பயறு ஒன்று (கொண்டைக்கடலை அல்லது ராஜ்மா), ஊறவைக்காமலே வேகும் பருப்பு ஒன்று (மசூர் பருப்பு), முழு தானியம் ஒன்று, ஓட்ஸ், ஏதாவது ஒரு கொட்டை, ஆளி விதை கொஞ்சம். காயும் பழமும் மூன்று நாளைக்கு ஒருமுறை.

இரண்டு விதமான பயறு எதற்கு? ஊறவைக்க மறந்துபோகும் நாள் நிச்சயம் வரும், அன்றைக்கு மசூர் பருப்பு கைகொடுக்கும். தோல் நீக்கியதால் நார்ச்சத்து கொஞ்சம் குறைவுதான், பரவாயில்லை. இருபது நிமிஷத்தில் வெந்துவிடும் என்பதுதான் அதன் பெரிய பலம்.

பாக்கெட்டில் எதை வாங்கினாலும் முன்பக்கத்தைப் படிக்காதீர்கள், திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். சேர்மானங்களை எடை அதிகமானதில் தொடங்கி வரிசையாகப் போட்டிருப்பார்கள். முதலில் "முழு கோதுமை" என்று இருந்தால் சரி, "மைதா" என்று இருந்தால் அது தீட்டியது, வெறும் "கோதுமை மாவு" என்றால் அது முழுதானது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. "பல தானியம்" என்றால் பல தானியம் என்று மட்டும்தான் அர்த்தம், அவை முழுதானவை என்று அதில் எங்கேயும் சொல்லவில்லை. ரொட்டி பழுப்பாக இருப்பதும் சான்று ஆகாது, நிறம் வெல்லப்பாகிலிருந்தும் வரும்.

தீட்டாத தானியத்தையும் கொட்டைகளையும் குறைவாக வாங்குங்கள். தவிட்டிலும் முளையிலும் எண்ணெய் இருப்பதால் வெள்ளை அரிசியை விடச் சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும்.

4. முந்தின ராத்திரி: ஊறவைப்பது

முழு உணவுச் சமையலில் பாதி வேலை இதுதான், ஆனால் இரண்டு நிமிஷம்கூட ஆகாது. தூங்கப் போவதற்கு முன் செய்யும் வேலைகளோடு சேர்த்துவிடுங்கள்.

கொண்டைக்கடலை, ராஜ்மா இரண்டும் எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் ஊற வேண்டும். பச்சைப்பயறுக்கு நாலைந்து மணி நேரம் போதும். பயறு இரண்டு மடங்குக்கு மேல் உப்பும், அதனால் மூன்று நாலு மடங்கு தண்ணீர் ஊற்றிப் பெரிய பாத்திரத்தில் வையுங்கள். சின்னப் பாத்திரத்தில் வைத்தால் காலையில் மேலே இருக்கும் பயறு தண்ணீருக்கு வெளியே காய்ந்து கிடக்கும். அதை வேகவைத்தால் ஒன்று குழையும், ஒன்று கடிபடாது.

வெயில் காலத்தில் ஃப்ரிட்ஜுக்குள் வைத்து ஊறவையுங்கள், இல்லையென்றால் காலையில் நுரைத்துப் புளித்த வாடை அடிக்கும்.

ஊறவைக்கும் தண்ணீரில் உப்புப் போட்டால் பயறு வேகாது என்று பலர் நம்புகிறார்கள். உண்மை நேர்மாறானது. உப்பு, தோலில் இருக்கும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கொஞ்சம் வெளியேற்றித் தோலை மென்மையாக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி தாராளமாகப் போடலாம். சமையல் சோடாவும் பயறை மென்மையாக்கும், ஆனால் அது பி1 வைட்டமினை அழிக்கும். வேறு வழியே இல்லாத கடினத் தண்ணீர் என்றால் ஒரு சிட்டிகை, அதற்கு மேல் வேண்டாம்.

காலையில் ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். வாயு உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடும்.

முளைகட்ட விரும்பினால் தண்ணீரை வடித்து ஈரத்துணியில் கட்டி வையுங்கள், பச்சைப்பயறு ஒரு நாளுக்குள் முளைவிடும். முளைக்கும்போது வைட்டமின் சி உண்டாகும், இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்துவைக்கும் ஃபைடேட் குறையும். ஆனால் முளைப்பயறைப் பச்சையாகச் சாப்பிடச் சொல்லமாட்டேன். விதை முளைக்கத் தேவையான ஈரமும் வெதுவெதுப்பும் பாக்டீரியாவுக்கும் அவ்வளவு பிடிக்கும். 2011-ல் ஜெர்மனியில் முளைகட்டிய வெந்தயத்தின் வழியாகப் பரவிய ஈ.கோலை தொற்றில் 50 பேருக்கு மேல் இறந்தார்கள். கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் பச்சையாகத் தொடவே கூடாது. மற்றவர்களும் நன்றாக வேகவைத்தே சாப்பிடுங்கள். வைட்டமின் சி கொஞ்சம் குறையும், போகட்டும்.

5. வேகவைப்பது

புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். திறந்த பாத்திரம் என்றால் ஊறிய கொண்டைக்கடலைக்கு ஒரு மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம், பச்சைப்பயறுக்கு அரை மணி நேரத்துக்குள். குக்கரில் கொண்டைக்கடலை, முதல் விசிலுக்கு அப்புறம் தீயைக் குறைத்து 15-20 நிமிஷம். விசில் எண்ணிக்கையை நம்பாதீர்கள், குக்கருக்குக் குக்கர் மாறும், நிமிஷக் கணக்குதான் சரியாக வரும். குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பவும் கூடாது. பயறு நுரைத்துப் பொங்கி ஆவி போகும் துளையை அடைத்துவிடும்.

தக்காளி, எலுமிச்சை, புளி எதுவானாலும் பயறு வெந்த பிறகுதான். புளிப்பு, பயறின் செல்சுவரைக் கரையவிடாமல் இறுக்கிவைக்கும். "மூணு மணி நேரம் கொதிக்குது, இன்னும் வேகலை" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது தக்காளியை எப்போது போட்டீர்கள் என்றுதான். அது காரணம் இல்லையென்றால் பயறு பழசாக இருக்கும். வருஷக்கணக்கில் கிடந்த பயறை எவ்வளவு வேகவைத்தாலும் மையாகாது.

ராஜ்மாவை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், இதைத் தவறவிடாதீர்கள். பச்சை ராஜ்மாவில் லெக்டின் என்ற நச்சுப் புரதம் நிறைய இருக்கிறது. வேகாத நாலைந்து விதை போதும், சில மணி நேரத்தில் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்துவிடும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் தளதளவென்று அரை மணி நேரம் கொதிக்கவைத்த பிறகுதான் தீயைக் குறைக்க வேண்டும். குறைந்த சூட்டில் மணிக்கணக்காகச் சமைக்கும் மின்பாத்திரத்தில் ராஜ்மாவை நேரடியாகப் போடாதீர்கள். அதன் சூடு கொதிநிலையைத் தொடாமல் போனால் நச்சு அழியாது, 80 டிகிரி அளவில் வெந்த விதை பச்சை விதையை விட மோசம்.

வெந்ததா என்று எப்படித் தெரியும்? ஐந்தாறு விதையை எடுத்து விரலால் நசுக்குங்கள், எல்லாமே நடுவில் பொடி இல்லாமல் மசிய வேண்டும். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு அடுப்பை அணைக்காதீர்கள்.

6. தானியம்

தீட்டாத அரிசியை வெள்ளை அரிசி மாதிரியே நினைத்து அதே தண்ணீர், அதே நேரம் வைத்தால் கடிக்க முடியாது. தவிட்டுத் தோல் தண்ணீரை உள்ளே விடத் தாமதிக்கும். ஒரு மணி நேரமாவது ஊறவைத்து, ஒன்றுக்கு இரண்டரை பங்கு தண்ணீரில் 35-45 நிமிஷம். முதல் வாரம் பாதி வெள்ளை, பாதி தீட்டாதது என்று கலந்து சாப்பிடலாம். ஆனால் தனித்தனியாக வேகவைத்துவிட்டுக் கலக்குங்கள்.

7. ஆறவைத்து எடுத்து வைப்பது

வாரத்தில் இரண்டு நாள் சமைத்தால் போதும் என்பதுதான் இந்த முறையின் வசதி, அதனால் இந்தப் படியில் கவனம் குறையக் கூடாது.

வெந்த சோற்றையும் பயறையும் அகலமான தட்டில் பரப்பி ஆறவையுங்கள், இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் போய்விட வேண்டும், சோறு என்றால் இன்னும் சீக்கிரம். ஆழமான பாத்திரத்தில் மொத்தமாக வைத்தால் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். வேகவைத்தும் சாகாத பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் விதைத்துகள்கள் அந்தச் சூட்டில் முளைத்து நச்சை உண்டாக்கும். அந்த நச்சு மறுபடி சுடவைத்தாலும் போகாது. "சுட வைத்துத்தானே சாப்பிடுகிறோம்" என்ற சமாதானம் இதில் செல்லாது.

ஃப்ரிட்ஜ் 5 டிகிரிக்குக் கீழே இருக்கட்டும், உள்ளே வைத்ததை மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். அதற்கு மேல் வேண்டும் என்றால் ஒரு வேளைக்கு ஆகும் அளவாகப் பிரித்து ஃப்ரீசரில் போடுங்கள், பயறு இரண்டு மூன்று மாதம் நன்றாகவே இருக்கும். பெரிய டப்பாவில் மொத்தமாக உறையவைத்தால் கொஞ்சம் எடுக்க முழுவதையும் உருக்க வேண்டிவரும்.

8. காயும் கீரையும்

ஒரு நாளைக்குக் காயும் பழமும் சேர்ந்து குறைந்தது 400 கிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. உருளைக்கிழங்கு மாதிரி மாவுக் கிழங்குகள் இந்தக் கணக்கில் வராது. ஒருமுறையாவது தராசில் வைத்துப் பாருங்கள், 400 கிராம் நாம் நினைப்பதை விட அதிகமாகவே தெரியும்.

கழுவிவிட்டு நறுக்குங்கள், நறுக்கிவிட்டுக் கழுவாதீர்கள். வைட்டமின் சியும் பி வகை வைட்டமின்களும் தண்ணீரில் கரைபவை, வெட்டிய முனைகள் வழியாகப் போய்விடும். அதனால்தான் நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடிப்பதை விட ஆவியில் வேகவைப்பதோ கொஞ்சம் எண்ணெயில் வதக்குவதோ மேல். வடித்தே ஆக வேண்டும் என்றால் அந்தத் தண்ணீரைச் சூப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெயே இல்லாமல் சமைப்பது ஆரோக்கியம் என்று ஒரு எண்ணம் பரவியிருக்கிறது. கேரட், கீரை, பூசணியில் இருக்கும் கரோட்டின், கீரையில் இருக்கும் வைட்டமின் கே எல்லாம் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் சேரும். ஒருவருக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெயோ ஒரு சின்னப்பிடி கொட்டையோ போதும், ஆனால் அது இருக்க வேண்டும்.

9. தட்டை நிரப்பும் வரிசை

தட்டில் முதலில் காயைப் போடுங்கள், பாதித் தட்டு. அடுத்து பயறோ முட்டையோ மீனோ கால் தட்டு. மிச்சக் கால் தட்டுக்குத்தான் தானியம். சோறை முதலில் போட்டால் இடம் அதற்கே போய்விடும், காய் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

பயறிலும் கீரையிலும் இருக்கும் இரும்புச்சத்து இறைச்சியில் இருப்பதைப் போல எளிதில் சேராது. கூடவே எலுமிச்சை, நெல்லிக்காய், குடைமிளகாய், கொய்யா என்று வைட்டமின் சி உள்ள ஏதாவது ஒன்று இருந்தால் அதிகமாகச் சேரும். டீயும் காபியும் சாப்பாட்டோடு சேர்ந்தால் அதைத் தடுக்கும். சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது விடுங்கள். இரத்தச்சோகை உள்ளவர்களுக்கு இந்த ஒரு பழக்கம் மிகவும் முக்கியம்.

பழத்தைச் சாறாக்காமல் பழமாகவே சாப்பிடுங்கள். பிழிந்தால் நார் போய்விடும், அந்தச் சர்க்கரையும் வெல்லம், தேன், சீனியோடு சேர்த்துக் குறைக்க வேண்டிய சர்க்கரைக் கணக்கில் வந்துவிடும்.

10. இப்போது சமையல்

நாலே நாலு. இவை கைக்குப் பழகும் வரை ஐந்தாவதைத் தேடாதீர்கள்.

கொண்டைக்கடலைச் சாலட், இரண்டு பேருக்கு. ஒரு சின்ன வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, அரை எலுமிச்சைச் சாறும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டுப் பத்து நிமிஷம் முதலில் வைத்துவிடுங்கள், காரம் இறங்கும். அதற்குள் வெள்ளரி, தக்காளி, கேரட்டை நறுக்குங்கள். வெந்த கடலை ஒன்றரை கப், காய்கள், வெங்காயம், இரண்டு தேக்கரண்டி எண்ணெய், மிளகுத்தூள், ஒரு பிடி வறுத்த வேர்க்கடலை. உப்பைக் கடைசியில் ருசி பார்த்துத்தான் போடுங்கள், முன்னாலேயே போட்டால் வெள்ளரி தண்ணீர் விட்டுவிடும்.

மசூர் பருப்பு சூப், ஊறவைக்க மறந்த நாளுக்கு. ஒரு தேக்கரண்டி எண்ணெயில் சீரகம், நறுக்கிய வெங்காயம், நாலு பல் பூண்டு வதக்கி, கழுவிய பருப்பு அரை கப், தண்ணீர் இரண்டரை கப் ஊற்றி இருபது நிமிஷம் கொதிக்கட்டும். பருப்பு கரைந்த பிறகு தக்காளி, ஐந்து நிமிஷம். அப்புறம் இரண்டு கைப்பிடி கீரை, இரண்டே நிமிஷம். அடுப்பை அணைத்துவிட்டு எலுமிச்சை பிழியுங்கள், கொதிக்கும்போது பிழிந்தால் வைட்டமின் சி குறையும்.

ராத்திரி ஊறும் ஓட்ஸ். அரை கப் ஓட்ஸ், அரை கப் பால், அரை கப் தயிர், ஒரு மேசைக்கரண்டி பொடித்த ஆளி விதை, கலந்து ஃப்ரிட்ஜில். காலையில் பழத்தை நறுக்கிப் போடுங்கள். ஆளி விதையைப் பொடிக்காமல் போட்டால் தோல் உடையாமல் அப்படியே வெளியே போய்விடும், காசுதான் வீண். மொத்தமாகப் பொடித்து அடுக்கிலும் வைக்காதீர்கள், அதன் எண்ணெய் சீக்கிரம் கெடும். ஒரு வாரத்துக்கு மட்டும் பொடித்து ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

தானிய வறுவல். வாணலியில் எண்ணெய், முதலில் கேரட், பீன்ஸ் போன்ற கெட்டிக் காய், அது பாதி வெந்ததும் கோஸ், குடைமிளகாய், கடைசியில் ஃப்ரிட்ஜில் இருந்த சோறு. ஓரமாக ஒதுக்கி ஒரு முட்டையை உடைத்துக் கிளறிக் கலந்துவிடலாம், முட்டை வேண்டாதவர்கள் அரை கப் வெந்த பயறு. சோறு முழுவதும் ஆவி பறக்கும் அளவுக்குச் சூடாக வேண்டும்.

இந்த நாலையும் சேர்த்து ஒரு நாள் உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்கட்டும். அயோடின் சேர்த்த உப்பாக இருந்தால் நல்லது. பால், முட்டை, இறைச்சி எதுவுமே சாப்பிடாதவர்களுக்கு பி12 வைட்டமின் இந்தச் சாப்பாட்டில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. சத்து சேர்த்த உணவோ மாத்திரையோ கட்டாயம் வேண்டும், அளவை மருத்துவரிடம் கேளுங்கள்.

11. அடிக்கடி வரும் தடங்கல்கள்

வயிறு உப்பினால் பயறை நிறுத்தாதீர்கள், அளவைப் பாதியாக்குங்கள். கொண்டைக்கடலைக்குப் பதில் தோல் நீக்கிய பருப்புக்கு ஒரு வாரம் போய்விட்டுத் திரும்பி வாருங்கள்.

சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் மறுபடி பசித்தால் தட்டில் காய் மட்டும் இருந்திருக்கும், பயறும் கொழுப்பும் குறைந்திருக்கும். வெறும் காய் சாலட்டோடு எழுந்திருப்பவர்கள்தான் சாயங்காலம் பாக்கெட்டை உடைக்கிறார்கள்.

சப்பென்று இருக்கிறது என்பவர்கள் உப்பைக் கூட்டுவதற்கு முன் புளிப்பைக் கூட்டிப் பாருங்கள். முக்கால்வாசி நேரம் தட்டில் எலுமிச்சைதான் குறையும்.

வீட்டில் மற்றவர்கள் சாப்பிட மாட்டேன் என்கிறார்களா? தனிச் சமையல் தொடங்காதீர்கள், ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது. எல்லோரும் சாப்பிடும் குழம்பிலேயே காயை இரட்டிப்பாக்கி, வெந்த பயறு ஒரு கப் சேர்த்துவிடுங்கள்.

இரண்டு வாரம் ஓடி, அந்த ஒரு வேளை யோசிக்காமலே நடக்கிறது என்றால் அந்தத் தாளை மறுபடி எடுங்கள், அடுத்த மோசமான வேளை எது என்று பாருங்கள். அதற்கும் அதே இரண்டு வாரம். இந்த முறை பயறை இரட்டிப்பாக ஊறவையுங்கள், பாதி ஃப்ரிட்ஜுக்கு, பாதி ஃப்ரீசருக்கு.